எட்டுக் கணினி, ஏழு குடி

“வெள்ளை கட்டோணுமாம். வண்ணக்கர்ர பெரியம்மா மோசம் போயிட்டா. உடன வரட்டாம்.”

வேலிக்கு அப்பால் தெருவில் நின்றபடியே அந்த ஆள் இதைச் சொன்னான். படலையைத் திறக்கவில்லை. நல்லரத்தினத்தின் வீட்டுப் படலையை ஊரார் திறந்த சரித்திரம் கிடையாது. பூட்டென்று ஒன்றுமில்லை, தள்ளினால் திறக்கும். ஆனாலும் ஊர்த்துணி வெளுக்கும் கட்டாடி வீட்டுக்குள் கால் வைப்பதைவிட, வேலிக்கு மேலால் குரல் கொடுப்பதுதான் ஊருக்கு வசதி. குரல் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் எழும்பி வருவார்கள். எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது.

உள்ளே கண்ணகை ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையும் மறு கையில் கொப்பியுமாக நின்றாள். ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்விடலாம். வழிநெடுக இராணுவத்தின் சோதனைச் சாவடிகள் இருப்பதால் அவ்வளவு நேரம். ஒன்பதரைக்கு அவளுக்குப் பரீட்சை. ஆறு மாதம் படித்த கணினி வலையமைப்புப் படிப்பின் இறுதிப் பரீட்சை. அதில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால், ஊரில் திறக்கப்போகிற கணினி நிலையத்தில் வலையமைப்பு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இருபத்து நாலு வயதில் அவள் வாழ்க்கையிடம் கேட்டதெல்லாம் அந்த ஒரு வேலைதான்.

“அப்பா, எனக்கு இண்டைக்குச் சோதின” என்றாள்.

“தெரியும் மகள்” என்றார் நல்லரத்தினம், பாயில் படுத்தபடி.

சாவு, கல்யாணம், பெண்பிள்ளை பெரிசானது, எதுவானாலும் அந்த வீட்டின் கூரைக்குக் கீழே வெளுத்த துணியை இழுத்துக் கட்டவேண்டியது கட்டாடியின் வேலை. அதற்கு வெள்ளை கட்டுதல் என்று பெயர். அது நடக்காமல் மற்றக் காரியங்கள் தொடங்காது. போன ஆவணியில், கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் வினாயகமூர்த்தியின் கடைசி மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டுக் கூரை வளையில் ஏறிக் கட்டும்போது ஏணி சறுக்கி, நல்லரத்தினம் நிலத்தில் வந்து விழுந்தார். இடுப்பு விட்டுப்போனது. வண்ணக்கர் வீட்டிலிருந்து ஒரு போத்தல் எண்ணெயும் வெற்றிலையும் வந்தன. அவ்வளவுதான். இயக்கமோ இராணுவமோ பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் மகனை அதற்கு முன்பே கட்டாருக்கு அனுப்பியாகிவிட்டது. ஏணியில் ஏற வீட்டில் மிஞ்சியிருந்தது கண்ணகை மட்டும்தான்.

“கட்டிப்போட்டுப் போ கா” என்றாள் தாய் சீதேவிப்பிள்ளை. “அரை மணித்தியாலம். நான் துணிய எடுத்துத் தாறன், நீ ஏறிக் கட்டு. இல்லாட்டி நாளைக்கு ஆத்தில துணி போடவும் விடமாட்டாங்க.”

கண்ணகை கொப்பியைப் பைக்குள் திணித்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதுவும் யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். செத்தவள்மேல் கோபப்பட முடியுமா?

அரை மணித்தியாலம் ஒன்றேகால் மணித்தியாலமாயிற்று. பிரேதம் கிடந்த அறையில் ஏணி வைத்து ஏறினாள். கீழே பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். “குமர்ப்புள்ளய ஏணியில ஏத்திறாளே, வெக்கமில்லையா?” என்று ஒருத்தி தாயிடம் கேட்டாள். கட்ட வராவிட்டால் இதே வாய் என்ன கேட்டிருக்கும் என்று கண்ணகைக்குத் தெரியும். நாலு மூலையும் இழுத்துக் கட்டிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் பாதைக்கு ஓடினாள். ஆறே முக்கால் பஸ் போய்விட்டிருந்தது.

அடுத்த பஸ்ஸில் போய், சாவடியில் இறங்கி வரிசையில் நின்றாள். பையைக் கொட்டிப் பார்த்த சிப்பாயின் முகம் மாறியது. உள்ளே ஒரு சுருள் வயர், வயர் முனையில் பிளக்கை நசுக்கிப் பூட்டும் குறடு, சின்னப் பெட்டி நிறையக் கண்ணாடி போன்ற பிளக்குகள். யுத்தம் மறுபடி தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஷெல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட நாளில் வயர்ச் சுருளோடு ஒரு தமிழ்ப் பெண் வந்தால் எவன் சும்மா விடுவான்? அவளைத் தனியாக நிறுத்தினார்கள்.

அவளைக் காப்பாற்றியது ஒரு கடுதாசி. படிப்பிக்கிற மக்டலின் ரீச்சர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, முத்திரை குத்தி, ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்திருந்தாள். இவர் இன்னார், இது படிப்புக்கான சாமான், இன்ன நிறுவனம் பொறுப்பு. சிப்பாய் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பையைத் திருப்பித் தந்தான். வாயால் எவ்வளவு சொல்லியும் நம்பாதவன், எழுத்தைக் கண்டதும் நம்பினான்.

மக்டலின் நகரத்துக் கத்தோலிக்கப் பெண். கண்ணகையைவிட ஆறேழு வயது மூத்தவள். எதற்கும் எழுத்து வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். “ஒராள் வந்து, இந்த மிசின்ர நம்பர மாத்து எண்டு வாயால சொன்னா மாத்தாதீங்க” என்று வகுப்பில் அடிக்கடி சொல்லுவாள். “ஆரு கேக்கிற, என்னத்த மாத்திற, ஏன் மாத்திற. எழுதி, கீழ கையெழுத்து வைச்சுத் தரச் சொல்லுங்க. கையெழுத்து இல்லாட்டி ஒரு வயரையும் தொடக் கூடாது. நாளைக்குப் பிழைச்சா, வாயால சொன்னவன் சொல்லவே இல்ல எண்டுவான்.” அதற்கென்று ஒரு படிவமே வைத்திருந்தாள். மாற்றக் கோரிக்கை என்று அதற்குத் தலைப்பு.

பரீட்சை தொடங்கி முக்கால் மணித்தியாலம் கழித்துக் கண்ணகை உள்ளே வந்தாள். அவளுடைய கையில் ஏணியின் அழுக்கு இருந்தது. மக்டலின் வினாத்தாளைக் கொடுத்து, “இருக்கிற நேரத்தில எழுது” என்றாள். கண்ணகை எழுதினாள். பின்னேரம் நடந்த செய்முறையில் அவள் பூட்டிய எட்டு வயரும் முதல் தரத்திலேயே வேலை செய்தன. வகுப்பில் செய்முறையில் முதலாவதாக வந்தவள் அவள்தான். எழுத்தில் ஒன்பதாவது, தேறிவிட்டாள். அந்த முக்கால் மணித்தியாலத்தை யாரிடம் போய்க் கேட்பது?

இந்தப் படிப்பில் அவளை ஆகக் கூடுதலாகக் கஷ்டப்படுத்தியது முகவரிப் பாடம். ஒவ்வொரு கணினிக்கும் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண் முகவரியாக உண்டு. அதோடு முகமூடி என்று இன்னொரு நாலு எண். 255, 255, 255, 0. அது ஏன், எதற்கு? புத்தகம் ஆங்கிலத்தில். அகராதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்று கிழமை மண்டையை உடைத்தும் ஒன்றும் ஏறவில்லை. தனக்கு மூளை போதாது, துணி வெளுக்கத்தான் லாயக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்மன் கோயில் சடங்கில்தான் அது விளங்கியது. அவர்களுடைய ஊர்க் கோயிலுக்கு ஏழு குடி. தாய் வழியில் வரும் குடி. ஒவ்வொரு குடிக்கும் ஒரு வண்ணக்கர், அவர்தான் கோயிலில் அந்தக் குடிக்குப் பொறுப்பு. எந்தக் குடிக்கு முதல் மரியாதை, எந்தக் குடிக்கு அடுத்தது என்று வரிசை உண்டு. ஒரு குடிக்காரன் இன்னொரு குடிக்காரனிடம் கோயில் விஷயம் நேரே பேச முடியாது, தன் வண்ணக்கர் வழியாகத்தான் பேசவேண்டும். மதிலுக்கு வெளியே ஊருக்கு ஊழியம் செய்யும் மற்றக் குடிமைக்காரரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முதல் மூன்று எண்ணும் குடியின் பெயர். கடைசி எண் ஆளின் பெயர். எது குடி, எது ஆள் என்று பிரித்துக் காட்டுவதுதான் முகமூடி. குடி ஒன்றாயிருந்தால் கணினிகள் நேரே பேசும். வேறு குடியென்றால் நடுவில் ‘கேற்வே’ என்று ஒரு வாசல் வேண்டும். அதுதான் வண்ணக்கர்.

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொன்னபோது மக்டலின் சிரித்தே விட்டாள். பிறகு அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். பக்கத்தில் இருந்த உம்மு குல்தூம், “எங்கட பள்ளிவாசல்லயும் குடிக்கு ஒரு மரைக்கார் இருக்காங்க. அப்ப எங்களுக்கு மரைக்கார்தான் கேற்வே” என்றாள். அன்றைக்கு அந்த வகுப்பு முழுவதற்கும் பாடம் விளங்கியது.

கணினி நிலையத்தைக் கோயில் மண்டபத்தில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. சுனாமிக்குப் பிறகு ஊரில் ஓடு கலையாமல் நின்ற பெரிய கட்டடம் அதுதான். வெளிநாட்டு நிறுவனமொன்று எட்டுக் கணினி கொடுத்தது. ஊர்க்குழுவின் தலைவர் முதற்குடி வண்ணக்கர் வினாயகமூர்த்தி. பிள்ளைகள் இடத்துக்குச் சண்டை பிடிக்கக் கூடாதாம், அதனால் குடிக்கு ஒரு கணினி என்று குழு தீர்மானித்தது. ஏழு குடிக்கு ஏழு. எட்டாவது தலைவரின் மேசைக்கு, பிரிண்டரோடு. கட்டாடித் தெருவிலும் அதற்கு அடுத்த தெருக்களிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாற்பது பேருக்குக் குறையாது. குடி இல்லாத அந்தப் பிள்ளைகள் எந்தக் கணினியில் இருப்பார்கள் என்று தீர்மானத்தில் ஒரு வார்த்தை இல்லை. யாரும் மறந்துவிட்டு எழுதாமல் விட்டதல்ல.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று பேர் வந்தார்கள். கண்ணகை, பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண், வண்ணக்கரின் மருமகன் யோகநாதன். யோகநாதன் மக்டலினின் வகுப்புக்கு இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுவிட்டவன். ஆனால் அவன் வண்ணக்கரின் தங்கச்சி மகன். தாய்வழி வழக்கப்படி, மாமனுக்குப் பிறகு வண்ணக்கர் பதவியும் அவனுக்குத்தான் வரும்.

நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் இராசதுரைதான் கேள்வி கேட்டார். நல்ல மனிதர். யாருக்கும் முகம் சுளிக்கமாட்டார், அதனாலேயே யாருக்கும் உபயோகமும் இல்லை. “நெற்வேர்க் எண்டா என்ன எண்டு ஊராக்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க தங்கச்சி” என்றார்.

கண்ணகை குடிக்கணக்கைச் சொன்னாள். வினாயகமூர்த்தி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். வாசல் வண்ணக்கர்தான் என்றபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

“கெட்டிக்காரி” என்றார். “கொம்பியூட்டர் கண்டுபிடிச்சவனும் எங்கட வழக்கத்தப் பாத்துத்தான் செய்திருக்கான் போல. எல்லாம் சரி புள்ள, உங்கட ஆக்கள் அதில எந்த நம்பர்?”

கேலியாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த மற்றக் குழுக்காரர் இருவரும் சிரித்தார்கள். கண்ணகைக்குக் காது சூடேறியது. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“நம்பர் இல்லாத சாமானும் நெற்வேர்க்கில இருக்கு ஐயா. வயரும் ஸ்விட்சும். அதுகள் இல்லாட்டி ஒரு குடியும் இன்னொரு குடியோட பேசேலா.”

இராசதுரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலை யோகநாதனுக்குக் கிடைத்தது. கதவில் ஒட்டிய அறிவித்தலை வாசித்துவிட்டு வந்து, கண்ணகை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஏணியில் ஏறிய நாளிலும் அழாதவள். மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் அதே குரல் வந்தது.

“மண்டபத்தில வயர் கட்டோணுமாம். வண்ணக்கர் வரச் சொன்னவர்.”

வயர் கட்டுவது. வெள்ளை கட்டுவது மாதிரி. வளையில் ஏறிக் கட்டுகிற எந்த வேலையும் கட்டாடி வீட்டு வேலைதான் என்று ஊருக்குத் தோன்றியது. கூலியைப் பற்றிப் பேச்சில்லை. அறுவடை வந்தால் வயல்வட்டையில் நெல் அள்ளிக் கொடுப்பார்கள், அதற்குள் இதுவும் அடங்கும். போகமாட்டேன் என்றாள் கண்ணகை. ஆனால் இராசதுரை வழியில் கண்டு தணிந்த குரலில் சொன்னார்: “செய்து குடுங்க தங்கச்சி. அனுபவக் கடிதம் ஒண்டு எழுதித் தாறன். ரவுணில வேலைக்குப் போனா, முதல்ல அனுபவம் இருக்கா எண்டுதானே கேப்பாங்க.” அது உண்மைதான். எங்கே கேட்டாலும் அனுபவம் உண்டா என்கிறார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?

மடைப்பள்ளிப் பக்கத்துச் சின்னக் கதவால்தான் அவளை உள்ளே விட்டார்கள். நாலு நாள் வேலை. வளை வழியாக வயரை ஓடவிட்டு, சுவர்களில் இறக்கி, பதினாறு முனையும் பூட்டி, எல்லாவற்றையும் ஸ்விட்ச் என்ற இணைப்புப் பெட்டியில் சேர்த்தாள். எட்டுப் பச்சை விளக்கும் எரிந்தன. பிழை சொல்ல ஒன்றுமில்லை.

முகவரி கொடுக்கிற வேலையை யோகநாதன் எடுத்துக்கொண்டான். பக்கத்தில் மாமன் நின்றார். நேர்முகத்தில் கேட்ட பாடத்தை அவர் மறக்கவில்லை. “முதற்குடிக்கு ஒண்டு. மற்றக் குடிக்கு ரெண்டு. அடுத்ததுக்கு மூண்டு. கோயில் வரிசைப்படி போடு. என்ட மேசை மிசினும் ஒண்டுதான். ஒண்டுக்கொண்டு கலக்கக் கூடாது.” யோகநாதன் குடிக்கொரு எண்ணாகத் தட்டினான். ஏழு எண், ஏழு தனிக்குடி.

ஏணியிலிருந்து இதைப் பார்த்த கண்ணகை, “அப்படிப் போட்டா மிசினெல்லாம் பேசாது ஐயா. நடுவில கேற்வே மிசின் வேணும், அது எங்களிட்ட இல்ல” என்றாள்.

“வயர் கட்டியாச்செல்லா? நீ போ புள்ள” என்றார் வண்ணக்கர்.

திறப்பு விழா நாளும் வந்தது. ‘இணைந்த கிராமம்’ என்று மண்டப வாசலில் பதாகை. நிறுவனத்தின் வெளிநாட்டுப் பெண்மணி பதினொரு மணிக்கு வருவாள். எட்டரைக்கு யோகநாதன் எல்லாக் கணினியையும் போட்டுப் பார்த்தான். முதற்குடிக் கணினியிலிருந்து கொடுத்த கடுதாசி பிரிண்டரில் வந்தது. இரண்டாம் குடியிலிருந்து வரவில்லை. மூன்றாம் குடியிலிருந்தும் வரவில்லை. ஆறு கணினியும் ஊமையாக இருந்தன. ஆறு குடி வண்ணக்கர்மாரும் விழாவுக்கென்று வேட்டி சால்வையோடு வந்து நின்று இதைப் பார்த்தார்கள். “உங்கட மிசின் மட்டும் பேசுது” என்று ஒருவர் வினாயகமூர்த்தியிடம் சொன்னார். சொன்ன விதம் நன்றாயில்லை.

ஒன்பது மணிக்கு வேலிக்கு மேலால் குரல் வந்தது. கண்ணகை வந்தாள். ஆனால் மடைப்பள்ளிக் கதவுக்குப் போகவில்லை. முன் வாசலில், பதாகைக்குக் கீழே வந்து நின்றாள். கையில் மக்டலினின் படிவம் ஒன்று இருந்தது.

“உள்ள வந்து பாரு புள்ள” என்றார் இராசதுரை, வியர்வையைத் துடைத்தபடி.

“பாக்கத் தேவையில்ல சேர். வயர் சரி, விளக்கெல்லாம் எரியுது. ஏழு குடியா நம்பர் போட்டிருக்கு, அதான் பேசேல. எட்டு மிசினுக்கும் ஒரே குடி நம்பர் போட்டா உடன பேசும். ஒரு குடியாக்கோணும். அவ்வளவுதான்.”

ஆறு வண்ணக்கர்மாரும் முன் வாசலுக்கு வந்தார்கள்.

“ஒரு குடியெண்டா, எந்தக் குடி?” என்று கேட்டார் ஒரு வண்ணக்கர்.

அங்கே பிடித்தது சண்டை. ஒன்று என்று போட்டால் மற்ற ஆறு குடியும் முதற்குடிக்குள் அடங்கிவிட்டதாகும். மற்றவர்கள் விடுவார்களா? இரண்டு என்று போட்டால் வினாயகமூர்த்தியின் மேசை இரண்டாம் குடிக்குக் கீழே போய்விடும். ஏழும் வேண்டாம், எட்டு என்று புது எண் போடலாமே என்றார் இராசதுரை. எட்டாவது குடி யாருடையது, மதிலுக்கு வெளியே நிற்கிறவர்களுடையதா என்று கேட்டு ஒருவர் துப்பினார். வெறும் எண்ணுக்கு இவ்வளவு சாதி இருக்கிறது என்று அந்தக் கணினியைச் செய்தவனுக்குத் தெரியாது.

“எந்த எண் எண்டாலும் மிசினுக்கு ஒண்டுதான்” என்றாள் கண்ணகை. “நான் அஞ்சு நிமிசத்தில மாத்தித் தாறன். யோகநாதனும் மாத்தலாம். ஆனா வாயால சொன்னா நான் தொடமாட்டன். இந்த மண்டபத்தில எல்லாம் ஒரே குடி எண்டு இதில எழுதி, ஆராவது ஒராள் கையெழுத்து வைச்சுத் தாங்க.”

படிவத்தை நீட்டினாள். அது கையிலிருந்து கைக்குப் போகவில்லை. வினாயகமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். யோகநாதன் மாமனின் முகத்தைப் பார்த்தான், மாமன் தலையை ஆட்டவில்லை. மற்ற ஆறு பேரும் சால்வையைச் சரிசெய்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் அவர்களில் ஒருவருமில்லை. நிலத்துக்கும் வழக்குக்கும் எத்தனை கையெழுத்துப் போட்டவர்கள்.

“உனக்கு அனுபவக் கடிதம் வேணுமெல்லா?” என்றார் இராசதுரை, மெல்ல.

“வேணும் சேர். அதுக்காக நாலு நாள் வளையில ஏறினன். அதுக்குரிய வேல முடிஞ்சுது.”

அரை மணித்தியாலம் முன் வாசலில் நின்றாள். பிறகு போய்விட்டாள். வெளிநாட்டுப் பெண்மணி வந்து, ரிப்பன் வெட்டி, எட்டுத் திரையிலும் எரிந்த படங்களைப் பார்த்து மகிழ்ந்தாள். ஒரு பிள்ளை முதற்குடிக் கணினியிலிருந்து ஒரு பூப்படம் அச்செடுத்துக் கொடுத்தது. இந்த ஊரின் ஒற்றுமை தன் நெஞ்சைத் தொட்டதென்று அவள் பேசினாள், இராசதுரை தமிழில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். மற்ற ஆறு கணினியும் ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசாமல், தனித்தனியே வெளிச்சமாக நின்றன. இன்றைக்கும் அப்படித்தான் நிற்கின்றன என்று கேள்வி.

இராசதுரை கடிதம் கொடுத்தார். கொடுக்காமலும் விடவில்லை, கொடுத்தும் உதவவில்லை. ‘மேற்படி நிலையத்தில் நான்கு நாட்கள் கூலியாளாகப் பணியாற்றினார்’ என்று எழுதியிருந்தார். கண்ணகை அதை நாலாக மடித்துக் கிழிக்கப் போனாள். கிழிக்காமல், தகப்பனிடம் வாசித்துக் காட்டினாள்.

“எந்தக் கூலி மகள்?” என்றார் நல்லரத்தினம். “கூலி தந்தாத்தானே கூலியாள்.”

அதற்குப் பிறகு சண்டைக்குத் தப்பிய சனம் படுவான்கரையிலிருந்தும் வாகரையிலிருந்தும் பாயும் பாத்திரமுமாக வந்து குவிந்தது. பள்ளிக்கூடங்களெல்லாம் முகாமாயின. எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், யாருடைய பிள்ளை எங்கே என்று பதிவு செய்யவும், அந்தப் பதிவுகளை ஒன்றோடொன்று சேர்க்கவும் நகரத்தில் ஒரு அலுவலகம் ஆள் தேடியது. மக்டலின் சொல்லி அனுப்பினாள்: “நேர்முகம் வியாழக்கிழமை ஒன்பதரைக்கு. கடிதம் ஒண்டும் தேவையில்ல. வயரையும் குறட்டையும் கொண்டு வா, செய்து காட்டச் சொல்லுவாங்க.”

வியாழக்கிழமை ஆறரை மணி. கண்ணகை தலை சீவி முடித்து, பையைத் தோளில் போட்டாள். அப்போது வேலிக்கு மேலால் குரல் வந்தது.

“வண்ணக்கர்ர பேத்தி பெரிய புள்ளயாகிட்டா. தண்ணி வாக்கிற. வெள்ளை கட்டோணுமாம். உடன வரட்டாம்.”

சீதேவிப்பிள்ளை அடுப்படியிலிருந்து மகளைப் பார்த்தாள். “என்ன கா செய்யிற?” என்றாள், தனக்குத்தானே கேட்பதுபோல. கண்ணகை நின்றாள். பையின் வார் அவளுடைய தோளை இழுத்தது. பஸ்ஸுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது.

நல்லரத்தினம் பாயிலிருந்து எழும்பினார். சுவரைப் பிடித்து, பொல்லை ஊன்றி, முற்றத்துக்கு வந்தார். அந்த இடுப்போடு அவர் முற்றம் வரை வருவது அபூர்வம்.

“நீ போ மகள்” என்றார். “பஸ் போயிடும்.”

பிறகு வேலியைப் பார்த்துச் சொன்னார்: “எழுதித் தரச் சொல்லு.”

“என்னத்த எழுதுற?” வெளியே நின்றவனுக்கு விளங்கவில்லை.

“ஆரு கேக்கிற, என்ன வேல, என்ன கூலி. ஏணி விழுந்தா ஆரு பொறுப்பு. கீழ வண்ணக்கர்ர கையெழுத்து. எழுதித் தந்தா ஆள் பிடிச்சுக் கட்டுவிக்கிறன்.”

“கட்டாடி, உனக்கு மூளை பிசகிட்டா? இதுக்கெல்லாம் ஆரும் எழுதித் தாறதா?”

“தந்ததில்ல. அதாலதான் கேக்கிறன்.”

கண்ணகை தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவள் படலையைத் தள்ளித் திறந்துகொண்டு அந்த ஆளைக் கடந்து பாதைக்கு நடந்தாள். நேரம் இருந்ததால் ஓடவில்லை. அந்த ஆள் திறந்து கிடந்த படலையையும் உள்ளே நின்ற நல்லரத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கடுதாசிய வேலிக்கு மேலால எறிய வேணாமெண்டு சொல்லு” என்றார் நல்லரத்தினம். “படலை திறந்துதான் கிடக்கு. உள்ள வந்து கையில தரச் சொல்லு.”

அன்று முழுவதும் படலை திறந்தே கிடந்தது. ஒருவரும் வரவில்லை. வண்ணக்கரின் பேத்திக்கு வெள்ளை கட்டாமலே தண்ணீர் வார்த்தார்கள்.